மண்ணுக்குள் இறங்கும் வெயில்

சித்திரை வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, கிளிநொச்சியில் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. நிழலில்லாத ஓரிடத்தில் அலவாங்கால் ஒரு சாண் ஆழம் குத்திக் கையை விட்டுப் பாருங்கள். மண் குளிர்ந்திருக்கும். இதில் புதினம் ஒன்றுமில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி குத்திக் கையை விடுங்கள். மேல்மண் ஆறிப்போயிருக்கும், ஒரு சாண் கீழே உள்ள மண் மத்தியானம் இருந்ததைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். பகல் வெயில் இப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு சாண் தூரம் இறங்க அதற்கு ஏறத்தாழ ஏழு மணித்தியாலம் பிடித்திருக்கிறது.

அந்த ஏழு மணித்தியாலத்தைக் குழி தோண்டாமலே கடதாசியில் கணக்கிட்டுவிடலாம். அதற்கு ஒரேயொரு சமன்பாடு போதும். அது பகுதி வகையீட்டுச் சமன்பாடு என்ற இனத்தைச் சேர்ந்தது. பல்கலைக்கழக மாணவர் வாயில் அதன் பெயர் ‘பிடிஇ’. பெயரைச் சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கும்.

வன்னியில் இன்று இந்தப் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியாவில் பல்லாண்டு காலம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது, 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பிரயோக கணிதமும் கணிப்பும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்றும் உண்டு. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துவிட்டு வருகிற பிள்ளை, பாடத் தெரிவுப் படிவம் கைக்கு வந்ததும் கேட்கிற கேள்வி இதுதான்: “சேர், பிடிஇ எடுக்க முதல் என்னென்ன கோர்ஸ் முடிச்சிருக்க வேணும்?”

பதில்கள் பல திசையிலிருந்தும் வரும். ஓர் அண்ணா “எல்லாத்தையும் முடிச்சிட்டு எடு” என்பார். இன்னோர் அக்கா “பழைய வினாத்தாள் செய்தால் காணும்” என்பார். முதலாவது வழியில் போனால் பட்டம் முடியும்வரை அந்தப் பாடத்தின் முகத்தையே பார்க்க முடியாது. இரண்டாவது வழியில் சித்தியடையலாம். மூன்று மாதத்தில் எல்லாம் மறந்துவிடும். பாடப் பட்டியலை மூடி வைத்துவிட்டுச் சமன்பாட்டையே வாசித்துப் பார்ப்பது மூன்றாவது வழி. தனக்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அது தானே சொல்லும்.

சமன்பாட்டைத் தமிழில் வாசித்தல்

மண்ணுக்குள் வெப்பம் இறங்குவதைச் சொல்லும் சமன்பாட்டைக் குறியீடு இல்லாமல் ஒரு வசனத்தில் எழுதலாம்: ஓரிடத்தின் வெப்பநிலை நேரத்தோடு மாறும் வேகம், அதே இடத்தில் வெப்பநிலைக் கோடு வளைந்திருக்கும் அளவுக்கு விகிதசமம்.

‘வளைவு’ என்பது இங்கே எளிய சங்கதி. ஒரு மண் படையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஓர் அயல், கீழே ஓர் அயல். அயல்கள் இரண்டினதும் சராசரியைவிட அது குளிராக இருந்தால் சூடேறும். சூடாக இருந்தால் ஆறும். சராசரிக்குச் சமமாக இருந்தால் அப்படியே இருக்கும். மேலே 40 பாகை, நடுவே 30, கீழே 28 என்றால் அயல்களின் சராசரி 34. நடுப்படை சூடேறத்தான் வேண்டும். நடுவே 34 இருந்திருந்தால் அது அசையாது. வெப்பச் சமன்பாடு முழுவதும் இந்த அயல்வீட்டுக் கணக்குத்தான்.

இப்போது எண்களைப் போடுவோம். ஓரளவு ஈரமான மண்ணில் வெப்பப் பரவல் எண் செக்கனுக்கு ஏறத்தாழ 0.5 சதுர மில்லிமீற்றர். மண்ணை 5 சென்ரிமீற்றர் தடிப்புள்ள படைகளாகப் பிரித்தால், கணக்கு அழகாக ஒன்றுக்கொன்று பொருந்துகிறது: ஒவ்வொரு 42 நிமிடத்துக்கும் ஒரு தடவை, ஒவ்வொரு படையும் தன் இரண்டு அயல்களின் சராசரியை எடுத்துக்கொள்கிறது.

மண் முழுவதும் 30 பாகையில் இருக்கிறது. மேற்பரப்பு திடீரென்று 50 பாகைக்கு ஏறி அங்கேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் 42 நிமிடத்தின் பிறகு 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் 40 பாகை. அதற்குக் கீழே எல்லாம் பழைய 30. இரண்டாவது படியில் 10 சென்ரிமீற்றரில் 35. மூன்றாவது படியில் 5 சென்ரிமீற்றரில் 42.5, பத்தில் 35, பதினைந்தில் 32.5. இரண்டு மணித்தியாலம் ஐந்து நிமிடம் போய்விட்டது; 20 சென்ரிமீற்றரில் இருக்கிற மண்ணுக்கு இந்தக் கணக்கின்படி இன்னும் சங்கதி தெரியாது.

கூட்டத் தெரிந்த, இரண்டால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இதைச் செய்யும். அப்படியானால் பல்கலைக்கழகப் பாடங்கள் எதற்கு? படைகளை மெல்லிதாக்கிக்கொண்டே போய், 5 சென்ரிமீற்றரை 5 மில்லிமீற்றராக்கி, கடைசியில் தடிப்பே இல்லாத படைகளாக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால், அந்த இடத்தில்தான் அவை ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.

விடமுடியாத மூன்று

முதலாவது, பல மாறி நுண்கணிதம். உயர்தரத்தில் நீங்கள் வகையிட்ட சார்புகளுக்கு மாறி ஒன்றுதான். மண்ணின் வெப்பநிலைக்கு இரண்டு: ஆழமும் நேரமும். ஆழத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நேரத்தோடு மட்டும் வகையிட்டால் ஒரு விடை. நேரத்தை நிறுத்திவைத்து ஆழத்தோடு வகையிட்டால் இன்னொரு விடை. ‘பகுதி’ என்ற சொல் இதிலிருந்துதான் வருகிறது. ‘∂’ என்ற வளைந்த குறியும் அதற்காகத்தான். இந்தப் பாடத்தின் முதல் நான்கு கிழமையில் இது வந்துவிடும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டு ஓடிவரக் கூடாது. கடைசி அத்தியாயத்தில் இருக்கிற கவுஸ் தேற்றம்தான் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளின் பிறப்பிடம். ஒரு பெட்டிக்குள் போனது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்ற வரவு செலவுக் கணக்கை ஒரு புள்ளியில் எழுதிக்காட்டுவது அதுதான். வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் மின்புலத்துக்கும் அதே கணக்கு. தவணை முடிவில் நேரம் போதாமல் பல இடங்களில் அவசரமாக ஓடிக் கடக்கிற அத்தியாயமும் அதுதான். அதைத் தனியே இருந்து படியுங்கள்.

இரண்டாவது, சாதாரண வகையீட்டுச் சமன்பாடுகள். பகுதி வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கும் பழைய உபாயம் அதை உடைப்பது. வெப்பநிலையை ‘ஆழத்தோடு ஒரு வடிவம்’, ‘நேரத்தோடு ஒரு தேய்வு’ என்ற இரண்டின் பெருக்கமாக எழுதிச் சமன்பாட்டில் போட்டால், அது இரண்டு சாதாரணச் சமன்பாடுகளாகப் பிரிந்துவிடுகிறது. நேரத்துக்குரியது, தன் அளவுக்கே விகிதசமமாகத் தேய்ந்துபோகும் சமன்பாடு. ஆழத்துக்குரியதைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். இணைந்த கணிதத்தில் இழையின் நுனியில் ஆடிய துணிக்கையின் எளிமை இசை இயக்கம் அப்படியே வந்து நிற்கும். நேரம் இருந்த இடத்தில் ஆழம் இருக்கும். மற்றபடி ஆள் பழையவர்தான்.

புதிதாக ஒன்று உண்டு. துணிக்கைக்குத் தொடக்க இடமும் தொடக்க வேகமும் தந்தார்கள். இங்கே இரண்டு நுனிகளிலும் நிபந்தனை தருவார்கள்: மேலே இவ்வளவு, அடியில் இவ்வளவு. இரண்டு முனையும் கட்டப்பட்ட தந்தியில் எல்லா அலையும் நிற்க முடியாததுபோல, இங்கேயும் சில அலைகளுக்கு மட்டுமே இடமுண்டு. ‘எந்த அலைகள்?’ என்ற கேள்வியோடு மூன்றாவது பாடம் வந்துவிடுகிறது.

மூன்றாவது, நேர்கோட்டு அட்சரகணிதம். மாணவர் பெரும்பாலும் தள்ளிப்போடுவது இதைத்தான். தாயம், துணிகோவை, வெளி, அடிப்படை என்று பெயர்கள் வருகின்றன. வெப்பத்தோடும் தண்ணீரோடும் எந்த உறவும் தெரிவதில்லை. நம்முடைய மண் படைகளுக்குத் திரும்பிப் போங்கள். ஐந்து படைகளின் ஐந்து வெப்பநிலைகளை ஒரு நிரலில் எழுதினால் அது ஐந்து கூறுள்ள ஒரு காவி. ‘அயல்களின் சராசரியை எடு’ என்ற கட்டளை ஒரு தாயம். 42 நிமிடம் போவது என்றால், அந்தத் தாயத்தால் ஒருமுறை பெருக்குவது. நாள் முழுவதும் போவது என்றால், ஏறத்தாழ 35 முறை பெருக்குவது.

இப்படித் திரும்பத் திரும்பப் பெருக்கும்போது தன் வடிவம் மாறாமல், அளவு மட்டும் குறைந்துகொண்டு போகிற காவிகள் சில உண்டு. அவைதான் ஐகன் காவிகள். ஒவ்வொரு பெருக்கலிலும் எவ்வளவு குறைகின்றன என்பது ஐகன் பெறுமானம். அந்தக் காவிகளை வரைந்து பாருங்கள்: சைன் அலைகள்! எளிமை இசை இயக்கத்தின் வழியே வந்த அதே அலைகள் இந்த வாசலாலும் வந்து நிற்கின்றன. அவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவை என்பதும் தாயத்திலிருந்தே தெரிந்துவிடும். செங்குத்து என்றால் என்ன? 1, 1, −1, −1 என்ற காவியையும் 1, −1, −1, 1 என்ற காவியையும் கூறுக்குக் கூறு பெருக்கிக் கூட்டுங்கள்: 1 − 1 + 1 − 1. விடை பூச்சியம். இரண்டு அலைகள் செங்குத்து என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறோம். கூட்டலின் இடத்தில் தொகையீடு வரும், அவ்வளவே. இது தெரிந்தவருக்கு, ஒரு சார்பைச் சைன் அலைகளின் கூட்டலாக எழுதுகிற பூரியே தொடர் அரைநாள் வேலை. தெரியாதவர் இரண்டு பக்கச் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார்.

பூரியே தொடரைத் தனியாக முன்கூட்டிப் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. பெரும்பாலான இடங்களில் அதைப் பகுதி வகையீட்டுச் சமன்பாட்டு வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள். தேவை ஏற்படும் இடத்தில் படிப்பதுதான் அதற்கு நல்லதும்கூட.

வெயிலைவிடச் சூடான மண்

“கணினி இருக்கும்போது இவ்வளவு ஏன்? புரோகிராம் எழுதிவிடலாமே” என்று ஒருவர் கேட்கலாம். எழுதலாம். எழுதிப் பார்ப்போம்.

42 நிமிடப் படி சின்னதாக இருக்கிறது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நேரப்படியை இரட்டித்து 84 நிமிடமாக்குகிறோம். சமன்பாடு அதேதான், விதி மட்டும் இப்படி மாறும்: அயல்கள் இரண்டையும் கூட்டி, தன் பழைய வெப்பநிலையைக் கழித்துவிடு. முதல் படியில் 5 சென்ரிமீற்றரில் 50 + 30 − 30, அதாவது 50 பாகை. கொஞ்சம் கூடத்தான், போகட்டும். இரண்டாவது படியில் அதே இடம் 50 + 30 − 50, அதாவது 30 பாகைக்கு விழுகிறது. அதற்குக் கீழே 10 சென்ரிமீற்றரில் 50 பாகை ஏறுகிறது. மூன்றாவது படியில் 5 சென்ரிமீற்றரில் 70 பாகை, 10 சென்ரிமீற்றரில் 10 பாகை.

மேலே வெயில் தருவதே 50 பாகைதான். அதற்குக் கீழே மண் 70 பாகையில் கொதிக்கிறது, அதற்கும் ஒரு படை கீழே குளிர்சாதனப் பெட்டிபோல இருக்கிறது. புரோகிராமில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. கணினி சொன்னதைச் சொன்னபடி செய்தது. படைகளின் தடிப்புக்கு ஏற்றபடி நேரப்படிக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சிறு பிழைகள் ஒவ்வொரு படியிலும் பெருத்துக் கணக்கை விழுங்கிவிடும். படிப்படியாகக் கணக்கிடும் வித்தியாசச் சமன்பாடுகளில் இப்படிப்பட்ட எல்லை இருப்பதை 1928 இல் கூரான்ட், பிரீட்றிக்ஸ், லேவி மூவரும் எழுதிக்காட்டினார்கள். எண்முறைப் பகுப்பாய்வு என்ற பாடம் இந்த எச்சரிக்கையைத்தான் கற்றுத்தருகிறது. பொறியியல் பக்கம் போகிறவர் அதைப் பகுதி வகையீட்டுச் சமன்பாட்டோடு ஒரே தவணையில் எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். ஐகன் பெறுமானம் தெரிந்தவருக்கு அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்பதும் உடனே பிடிபடும்: தாயத்தின் ஐகன் பெறுமானம் ஒன்றின் பருமன் 1 ஐத் தாண்டிவிட்டது.

பகுப்பாய்வு முன்னுக்கா, பின்னுக்கா?

அதிகம் சண்டை பிடிக்கிற கேள்வி இது. மெய்ப் பகுப்பாய்வு படிக்காமல் பகுதி வகையீட்டுச் சமன்பாட்டைத் தொடலாமா? எல்லை, தொடர்ச்சி, ஒருங்கல் என்று எப்சிலன் டெல்ற்றாவோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிவிட்டு வர வேண்டுமா?

வரலாறு இந்த இடத்தில் நமக்குத் துணை. ஜோசப் பூரியே வெப்பச் சமன்பாட்டைப் பற்றிய தன் ஆய்வை 1807 இல் பாரிஸில் சமர்ப்பித்தார். எந்தச் சார்பையும் சைன் அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்று அவர் சொன்னதை லக்ராஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. பூரியே விடவில்லை, 1822 இல் நூலாகவே வெளியிட்டார். வெப்பம் பூமிக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதும் அவர் போட்ட கணக்குகளில் ஒன்று. அந்தத் தொடர்கள் எப்போது ஒருங்கும் என்பதற்கு முறையான நிறுவலை டிரிச்லே தந்தது 1829 இல். தொகையீடு என்றால் என்ன என்று ரீமான் திருத்தமான வரைவிலக்கணம் எழுதியது 1854 இல்; அதுவும் இந்தத் தொடர்களைப் பற்றிய ஆய்வுக்காக. காண்டர் 1870 களில் தொடைக் கொள்கைக்குள் இறங்கியதும் இதே தொடர்களின் வழியாகத்தான். இன்றைய பகுப்பாய்வு வகுப்பில் கற்பிக்கிற பல சங்கதிகள் வெப்பச் சமன்பாட்டுக்குப் பதில் தேடிப் போனவர்கள் கொண்டுவந்தவை. வெப்பச் சமன்பாடு அம்மா என்றால் பகுப்பாய்வு மகள்.

அதனால் மகளைப் பார்த்த பிறகுதான் அம்மாவைப் பார்க்கலாம் என்று யாரும் பயப்பட வேண்டாம். பொறியியல், பௌதிகவியல், வளிமண்டலவியல் பக்கம் போகிறவர் பகுப்பாய்வு இல்லாமலே முதல் பாடத்தை நன்றாகப் படிக்கலாம். தீர்வு ஒன்று உண்டா, ஒன்று மட்டுந்தானா, தொடக்க நிலை சற்று மாறினால் தீர்வும் சற்றே மாறுமா என்று கேட்கிற கணிதவியலாளராக வர விரும்புகிறவருக்குப் பகுப்பாய்வு கட்டாயம். அவரும் அதை முதல் பாடத்தோடு சேர்த்தே எடுக்கலாம். லக்ராஞ்ச் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் அவர் கேட்டார் என்பதற்காகப் பூரியே இருபது வருடம் காத்திருக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நேர்கோட்டு அட்சரகணிதமும் பிந்தி வந்ததுதானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். உண்மை. கெய்லி தாயங்களைப் பற்றி எழுதியது 1858 இல். பூரியேக்குத் தாயம் தெரியாது. அதனால் பல பக்கங்கள் பாடுபட்டார். ஒரு பாடம் இல்லாமல் போக முடியுமா என்பதோடு, அது இருந்தால் வழி எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நேர்கோட்டு அட்சரகணிதம் வழியைப் பாதியாக்குகிறது.

குளக்கட்டும் கடற்கரையும்

மூன்று பாடங்களுக்கு மேலே எதை எடுப்பது என்பது நீங்கள் எந்தப் பக்கம் நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வன்னிக்குள்ளேயே இரண்டு இடங்களுக்குப் போய்வருவோம்.

இரணைமடுக் குளத்தின் கட்டு வேலை 1902 இல் தொடங்கியது. பிறகு பல தடவை கட்டை உயர்த்தினார்கள். அது மண்கட்டு. மண்கட்டு என்றால் தண்ணீர் உள்ளே கசியும். கசிவு எவ்வளவு, எந்த வழியாக என்பது தெரியாமல் கட்டை உயர்த்த முடியாது. 1856 இல் பிரான்சின் டிஜோன் நகரில் ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாய்களில் தண்ணீர் விட்டு, அமுக்க வித்தியாசத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதசமத்தைக் கண்டார். அதோடு பெட்டிக்குள் போனதும் வந்ததும் என்ற கணக்கைச் சேர்த்தால், மண் ஒரே சீரானது என்று கொண்டால், லாப்லாஸ் சமன்பாடு வந்துவிடும். அயல்வீட்டுக் கணக்கில் அதைச் சொல்வதானால்: நேரம் என்ற மாறி போய்விட்டது; ஒவ்வொரு புள்ளியும் தன் சுற்றத்தின் சராசரியில் ஏற்கனவே அமர்ந்துவிட்டது. இரு பரிமாணத்தில் இந்தச் சமன்பாட்டுக்குச் சிக்கலெண் சார்புகள் நெருங்கிய உறவு. குளக்கட்டு, நிலத்தடி நீர் என்று போக விரும்புகிறவருக்குச் சிக்கல் மாறிப் பாடம் வீண்போகாது.

இனி முல்லைத்தீவுக் கரை. 2004 டிசம்பர் 26, காலை 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கடல் இங்கே ஊருக்குள் வந்துவிட்டது. அந்த நேரக் கணக்கு அலைச் சமன்பாட்டில் இருக்கிறது. நீண்ட அலையின் வேகம், ஈர்வை ஆர்முடுகலையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். 4000 மீற்றர் ஆழத்தில் செக்கனுக்கு 198 மீற்றர். மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். கரையருகே 10 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீற்றர். முன்னால் போவது மெதுவாக, பின்னால் வருவது வேகமாக வந்து சேர, தண்ணீர் குவிந்து உயர்கிறது. ஆழ்கடலில் அரை மீற்றர் உயரமான அலை அந்த 10 மீற்றர் ஆழத்துக்கு வரும்போது இரண்டு மீற்றரைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு அலைச் சமன்பாட்டின் எளிய வடிவம் போதாது. நேர்கோட்டுத் தன்மை உடைந்து, சைன் அலைகளைக் கூட்டுகிற உபாயம் கைவிட்டுவிடும். இந்தப் பக்கம் போகிறவருக்கு எண்முறையும் பாய்ம இயக்கவியலும் வேண்டும்.

2018 டிசம்பரில் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் கிடந்ததை ஊர் மறக்கவில்லை. திறந்த தண்ணீர் ஆற்றின் வழியே எந்த நேரத்தில் எவ்வளவு உயரத்தில் எந்த ஊரை அடையும் என்பதற்கும் சமன்பாடு உண்டு: சன் வெனான் 1871 இல் எழுதிய சோடி. அதற்கும் கடலலைக்கு வேண்டிய அதே பாடங்கள்தான்.

எண் கோட்பாடு, கூட்டக் கோட்பாடு, இடத்தியல் ஆகியவை முதல் பாடத்துக்கு முன்னால் வேண்டியதில்லை. பிடித்திருந்தால் படியுங்கள், இதற்கான அனுமதிச் சீட்டு என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

இரண்டு நிரல் கொப்பி

எந்தப் படிவத்திலும் எழுதப்படாத முன்பாடம் ஒன்று இங்கே உண்டு. தமிழில் இணைந்த கணிதம் படித்த பிள்ளை பல்கலைக்கழக வகுப்பில் உட்கார்ந்த முதல் நாள், வகையீடு ‘டெரிவேட்டிவ்’ ஆகிவிடுகிறது. தாயம் ‘மேட்ரிக்ஸ்’, காவி ‘வெக்ரர்’, துணிகோவை ‘டிற்றெர்மினன்ட்’. தெரிந்த ஆளே புதுச் சட்டை போட்டு வந்து நின்றாலும், அடையாளம் காண ஒரு கணம் பிந்துகிறது. அந்தக் கணத்தில் விரிவுரை அடுத்த வரிக்குப் போய்விடும். தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தால் இன்னொரு சட்டை: அங்கே தாயம் அணி, காவி திசையன், அட்சரகணிதம் இயற்கணிதம். ஒரு கொப்பியை இரண்டு நிரலாகக் கோடிட்டு, ஒரு பக்கம் வகுப்பில் கேட்ட சொல்லையும் மறுபக்கம் உங்களுக்குத் தெரிந்த சொல்லையும் எழுதி வாருங்கள். நூறு சொல் சேரும் முன்னரே பாதிப் பயம் போய்விடும். கணிதம் வரவில்லை என்று தங்களைத் தாங்களே ஒதுக்கிக்கொள்கிற பலருக்கு வராதது சொல் மட்டுமே.

கையெழுத்திட முன்னர்

படிவத்தில் அடையாளமிட முன்னர் இந்த நான்கையும் புத்தகம் பார்க்காமல் செய்து பாருங்கள்.

ஒன்று: உருளையின் கனவளவை முதலில் ஆரையோடும், பிறகு உயரத்தோடும் தனித்தனியே வகையிடுங்கள். முதல் விடை ஏன் உருளையின் வளைபரப்பாக இருக்கிறது என்பதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள்.

இரண்டு: எளிமை இசை இயக்கச் சமன்பாட்டை எடுத்து, இரண்டு நுனியிலும் பெறுமானம் பூச்சியம் என்ற நிபந்தனையைப் போடுங்கள். எந்த அலைகள் மிஞ்சுகின்றன?

மூன்று: முதல் நிரை 2, 1, இரண்டாம் நிரை 1, 2. இந்தத் தாயத்தின் ஐகன் பெறுமானங்கள் 3, 1 என்று காட்டுங்கள். ஐகன் காவிகள் செங்குத்தா என்று பாருங்கள்.

நான்கு: முடிவிலித் தொடர் ஒன்றை உறுப்புக்கு உறுப்பு வகையிட எப்போது அனுமதி உண்டு என்று நிறுவுங்கள்.

முதலாவது வரவில்லை என்றால் பல மாறி நுண்கணிதம் மிச்சமிருக்கிறது. இரண்டாவது என்றால் சாதாரண வகையீட்டுச் சமன்பாடு. மூன்றாவது என்றால் நேர்கோட்டு அட்சரகணிதம். இந்த மூன்றில் எது வராவிட்டாலும் ஒரு தவணை பொறுத்து, அந்தப் பாடத்தை முடித்துவிட்டு வாருங்கள். மூன்றும் வந்தால் அடையாளமிட்டுக் கையெழுத்தை வையுங்கள். நான்காவது பகுப்பாய்வுக்குரியது; அதற்காக ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்.